சித்திரை வெயிலில் குளிரெடுத்த கார்

அழகேசன் சாவியைத் திருகினார். கார் ஒருமுறை இருமிற்று, மறுமுறை கனைத்தது, அதன்பின் கரும்புகையைத் திரளாகக் கக்கி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டிகளின் மீது படரவிட்டது.

"ஏந் தம்பி! என் வூட்டு வேட்டி பூராத்தையும் சபரிமலைக்கு அனுப்பப் போறியா?" என்று மதிலுக்கு மேலே தலைநீட்டினார் இருசம்மாள்.

பெரம்பலூரில் விதையும் உரமும் விற்கும் அழகேசன், வாடிய இலை ஒன்றைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் பயிருக்கு என்ன குறை என்று உரைத்துவிடக் கூடியவர். தம் சொந்தக் காரின் குறை யாதென்பது மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. பெட்ரோலைக் கணக்கின்றிக் குடித்தது. குடித்ததைக் கரியாக உமிழ்ந்தது.

இந்நிலையில்தான், காரை விற்றுத் தரச் சொல்லியிருந்த தரகர் ராசாங்கத்தின் தொலைபேசி அழைப்பு வந்தது.

"அண்ணே, பார்ட்டி சிக்கிருச்சு! அரியலூர்க்காரரு. நம்ம பஸ் ஸ்டாண்டு கிட்ட உங்க வண்டியப் பாத்தாராம். வாங்குனா இந்த வண்டிதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை வராரு."

அழகேசன் பூரித்தார். அவர் மனைவி மலர்கொடி பூரிக்கவில்லை.

"முன்பக்கமாப் பாத்திருப்பாரு. பின்பக்கம் பாத்தவன் எவனாவது வருவானா? இந்த ஆளும் வேணாம்னுட்டுப் போனா, திங்கக்கிழமை காயலாங்கடைக்காரன நானே கூட்டியாந்துருவேன். வெட்டி எடைக்குப் போட்டுட்டு அந்த எடத்துல ரெண்டு முருங்கை வைப்பேன்."

மகள் அபிநயாவைப் பிறந்த மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து வீடு கொண்டுவந்து சேர்த்த கார் அது. அது பிறர் கைக்குப் போவதை அழகேசன் தாங்கிக்கொள்வார். துண்டு துண்டாகப் போவதைத் தாங்கமாட்டார். ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்குள் புகையை ஒழித்தே தீருவது என்று உறுதிபூண்டார்.

வழக்கமான மெக்கானிக் திருமுருகன், என்ஜினைத் திறந்து நெடுநேரம் உற்றுநோக்கினான்.

"காத்து பத்தலண்ணே. மூச்சு முட்டுது பாவம்."

காற்று வடிகட்டி மாற்றப்பட்டது. தோசைக்கல்லின் அடியைப் போலக் கறுத்திருந்த பிளக்குகளும் மாற்றப்பட்டன. மறுநாள் மாலைக்குள் புதிய பிளக்குகளும் பழையவற்றின் நிறத்தை எய்தின.

"அப்ப பெட்ரோல்லதாண்ணே கோளாறு," என்று கூறி, பாடாலூரில் உள்ள தன் நண்பனிடம் அனுப்பிவைத்தான் திருமுருகன்.

அந்நண்பன், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, அடைப்பு நீக்கிக் கழுவிப் பொருத்தினான். காரை முடுக்கியதும் புகை இருமடங்காயிற்று.

"என்னப்பா இது, கூடிப்போச்சே?"

"அடைப்பு எடுத்தாச்சுல்லங்க? இப்பத்தான் வண்டி வயிறாரக் குடிக்குது!" என்றான் அவன், பெருமிதம் பொங்க.

அழகேசன் குழம்பினார். காற்றைக் கூட்டினாலும் புகை. அடைப்பை நீக்கினாலும் புகை. நோய் எது, மருந்து எது என்று விளங்காத நிலையில், சனிக்கிழமை காலை அரியலூரை நோக்கிப் புறப்பட்டார். வழியெங்கும் பேருந்துப் பயணிகள் முகத்தை மூடிக்கொண்டனர். சிமெண்ட் லாரி ஓட்டுநர்கூட, கடந்து செல்கையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அரியலூரில், வண்டியின் கோளாறைத் திரையில் காட்டும் ஸ்கேனர் கருவி வைத்திருந்த மெக்கானிக் தமிழழகன், அதைக் காரில் செருகித் திரையைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மீண்டும் பார்த்தான்.

"அண்ணே, நாம இப்ப எங்க நிக்கிறோம்?"

"ஏம்பா, அரியலூர்லதான்."

"வண்டிக்கு அது தெரியாதுண்ணே. அது மைனஸ் நாப்பது டிகிரியில நிக்குதாம்."

அழகேசனின் மூக்கு நுனியிலிருந்து ஒரு வியர்வைத் துளி திரையின் மீது விழுந்தது.

"பனிமலையில கெடக்குற மாதிரி நெனச்சுக்கிட்டு, என்ஜின் வெறச்சிடக் கூடாதேன்னு பெட்ரோல ஊத்து ஊத்துன்னு ஊத்துது," என்று குனிந்து தேடினான் தமிழழகன். "இந்தா பாருங்க, என்ஜின் சூட்டைச் சொல்ற வயரு. எவனோ வெட்டி, டேப்பு சுத்தி வச்சிருக்கான்!"

அழகேசன் உடனே திருமுருகனை அழைத்தார்.

"ஆமாண்ணே, நாந்தான். போன கோடையில வண்டி சூடேறுதுன்னீங்கள்ல? என்ஜினக் குளுத்துற ஃபேனை டைரக்டா சுவிட்சுல போட்டு வுட்டேன். அப்புறம் அந்த வயரு சும்மாத் தொங்குச்சு, வெட்டிட்டேன்."

"அடப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? அதுக்கப்புறம் வண்டி ஒரு நாளாச்சும் சூடேறுச்சா, சொல்லுங்க?"

அழகேசன் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வயரைத் தமிழழகனிடம் சுட்டிக்காட்டினார்.

வயர் இணைக்கப்பட்டது. பனிமலையில் கிடந்த கார் ஒருவழியாக அரியலூருக்கு வந்து சேர்ந்தது. புகை நின்றது; என்ஜின், உறங்கும் குழந்தையின் மூச்சைப் போல ஓடிற்று.

ஞாயிறன்று தரகருடன் வந்து இறங்கினார் அறிவரசன் என்னும் அந்த அரியலூர்க்காரர். அழகேசன் காரை முடுக்கி, வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயின் வாயில் பிடித்து, மாசுமறுவின்றி உயர்த்திக் காட்டினார். மதிலின் மேலிருந்து இருசம்மாள் கைதட்டினார். மலர்கொடியே அந்தக் கைக்குட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

அறிவரசனின் முகமோ வாடிற்று. அவர் காரைச் சுற்றிவந்தார். குனிந்து குழாயை முகர்ந்தார்.

"பொக வரலியே சார்?"

"வராதுங்க! இனிமே வரவே வராது. கோளாறக் கண்டுபிடிச்சு, அடியோட சரிபண்ணியாச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு பாக்கியில்லாம!"

அறிவரசன் பெருமூச்செறிந்து, ராசாங்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் ஐ.டி.ஐ. வாத்தியாருங்க, பசங்க கோளாறு கண்டுபிடிச்சுப் பழகத்தான் இந்த வண்டியக் கேட்டேன், நல்லா ஓடுற வண்டி எங்க ஷெட்டுல ஏற்கெனவே நாலு நிக்குது."