ஒன்பது மூட்டை காப்பியும் ஒரு டின் டர்பன்டைனும்

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்து நான் உருப்படியாகச் செய்த காரியம் எதுவுமில்லை. நாசமாக்கியது ஒன்று உண்டு. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் மற்றவர்கள் சொல்வதைவிட நானே சொன்னால் பொய் கொஞ்சம் குறையும்.

கல்யாணமாகி இந்த மலையூர் கொட்டச்சேட்டுக்கு வந்த மூன்றாவது வருஷம். எங்கள் தோட்டத்துக் காப்பி மொத்தத்தையும் ஒரு வியாபாரி வருஷாவருஷம் முகத்தைச் சுளித்துக்கொண்டே அடிமாட்டு விலைக்கு எடுத்துப்போவார். "இந்தத் தடவை நான் விற்கிறேன்" என்று வீட்டில் சண்டை போட்டேன். சேலத்தில் காப்பி அரைத்து விற்கும் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, நேரில் வரச் சம்மதிக்க வைத்தேன். ஒன்பது மூட்டை. எங்கள் வருஷ வருமானமே அதுதான்.

அவர் வர இரண்டு நாள் இருக்கும்போது கவனித்தேன். எல்லாம் பழைய சாக்கு. ஒவ்வொன்றிலும் ஏதோ அரிசி ஆலையின் பெயர் சிவப்பு மையில் பெரிதாக இருந்தது. (காப்பி வாங்க வருகிறவர் சாக்கையா பார்ப்பார்? அப்போது இந்தப் புத்தி இல்லை.) பெயிண்ட் வேலையில் மிஞ்சிய டர்பன்டைன் ஒரு டின் கிடந்தது. எண்ணெய்ப் பசை எதையும் கரைக்கும். துணியை அதில் நனைத்து, வீட்டுக்குள் தைத்து அடுக்கிய மூட்டைகளை அப்படியே எழுத்து போகத் தேய்த்தேன். வெளியே மூடுபனி. காப்பி ஈரம் குடித்துவிடும் என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன்.

காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும், நெருப்பருகே வைக்காதீர் என்று டின்னிலேயே எழுதியிருந்தது. அது படிக்காதவர்களுக்கு என்று நினைத்தேன்.

மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏங்கண்ணு, நொம்ப நாறுதே. கொட்டையில ஏறிக்காதா?"

"ஏறாதுங்கத்தை. இது ஹைட்ரோகார்பன். தானா ஆவியாப் போயிரும்."

"எல்லாத்தையும் சாத்தி வெச்சிருக்கறயே, எங்க போகும்?"

காலேஜில் மூன்று வருஷமும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "உங்களுக்குப் புரியாதுங்க" என்றேன்.

மறுநாளும் நாற்றம் போகவில்லை. அதை விரட்ட மாமியார் தணல் போட்ட சாம்பிராணிக் கரண்டியோடு உள்ளே நுழையப் பார்த்தார். நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் ஓடி வந்தார்கள். வீடு தப்பியது. காப்பி தப்பவில்லை.

கடைக்காரர் வந்தார். ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். அடுத்த மூட்டையிலும் எடுத்தார். ஒரு கொட்டையைக் கடித்துத் துப்பினார்.

"ஏனுங்க, பெயிண்ட் கிய்ண்ட் அடிச்சீங்களா?"

"சாக்கை மட்டுந்தாங்க தொடைச்சேன்."

"கொட்டைக்குள்ள எண்ணெய் இருக்குதுங்க. இந்த வாசத்தைப் புடிச்சு வெச்சுக்கும். வறுத்தாலும் போவாது. யாருங்க இப்படிப் பண்ணச் சொன்னது?"

"படிச்ச புள்ளைங்க" என்றார் மாமியார்.

வெயிலில் கொட்டிப் பார்த்தோம். வறுத்துப் பார்த்தோம். காப்பி புது பீரோ மாதிரி மணந்தது. பழைய வியாபாரியும் வேண்டாம் என்றுவிட்டார். ஒன்பது மூட்டையும் எருக்குழிக்குப் போனது. என் வீட்டுக்காரர் அந்த வருஷம் எஸ்டேட்டில் கூலி வேலைக்குப் போனார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். நெடியடிக்கிற எதையும் நான் உள்ளே திறக்கக் கூடாது. நெயில் பாலிஷ் உட்பட. எனக்கு நாற்பத்தாறு வயசாகிறது, இன்னும் ரோட்டோரம் நின்றுதான் போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் விரல்களை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். கை காட்டுகிறேன் என்று நினைத்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

"ஏறலீங்களாக்கா?" என்றார் கண்டக்டர். புது ஆள்.

"அவங்க ஏறமாட்டாங்க. காயற வரைக்கும் ஊட்டுக்குள்ளயே உடமாட்டாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "ஏனுங்க?" என்று அவர் கேட்க, நாலு பேர் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.