வீட்டில் பார்க்காத மெத்தை

மதிப்பிற்குரிய நிலைய இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் வானொலி நிலையத்தின் முதல் அறிவிப்பாளருடைய மனைவி எழுதுவது. இங்கு நான் நலம். தாங்களும் தங்கள் மனைவி மக்களும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். கடிதத்தின் முதல் பத்தியில் கோபம் தலைகாட்டக் கூடாது என்று கான்வென்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் சொல்வார். ஆகவே முதல் பத்தியை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

இனி உனக்குத் ‘தாங்கள்’ கிடையாது. நீ என் நாத்தனார் மகன். படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் எங்கள் கூடத்து நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்த உன்னைக் கையைப் பிடித்து அந்த நிலையத்துக்கு அழைத்துப் போனவர் உன் மாமா. அந்த மனிதர் வாயில் பொய்யைத் திணித்திருக்கிறாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பொன்விழாவுக்காகத் தினமும் காலையில் நீங்கள் ஒலிபரப்பும் நிலைய வரலாற்றைக் கேட்டு வருகிறேன். பிழை பொறுக்கும் பழக்கம் எனக்கில்லை, இருந்தும் பொறுத்தேன். நிலையம் தொடங்கிய நாளிலேயே ‘ஒலி புகாத நவீன அறை’ இருந்ததாம். அது டயர் கடையின் மாடி. சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தவை என் கல்யாணத்துக்கு வந்த கம்பளிகள். அந்தக் குளிர்காலம் முழுவதும் நானும் என் மாமியாரும் பழைய புடவைகளைப் போர்த்திக்கொண்டு நடுங்கினோம். கீழே சுத்தியல் விழும்போதெல்லாம் உன் மாமா செய்தியைப் பாதியில் நிறுத்திக் காத்திருப்பார். அதைத்தான் உங்கள் வரலாறு ‘கம்பீரமான நிதானம்’ என்று புகழ்கிறது. போகட்டும். ஆனால், “வீட்டில் பார்த்தாயிற்று” என்று அவர் ஒவ்வொரு விளம்பரத்தின் முடிவிலும் சொல்வாரே, அந்தச் சொல்லை ஏதோ விளம்பர நிறுவனம் எழுதிக் கொடுத்ததாக நேற்று முன்தினம் சொன்னீர்கள். அங்கேதான் என் பொறுமை போயிற்று.

எழுதிக் கொடுத்த சொல்லா அது? வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று அவர் ஒரு நாளும் பேசியதில்லை. எந்தப் பொருளையும் எங்கள் வீட்டில் பயன்படுத்திப் பார்க்காமல் அதன் விளம்பரத்தைப் படிக்க மாட்டேன் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். வீடு என்றால் யார்? சோப்பு வந்தது, என் முகம் வெந்தது, அது படிக்கப்படவில்லை. கரப்பான் பொடி வந்தது, அதைத் தின்று கரப்பான்கள் கொழுத்துப் பிள்ளை குட்டிகளோடு சுகமாக வாழ்ந்தன, அதுவும் படிக்கப்படவில்லை. தலைச்சாயம் வந்தபோது என் கூந்தல் பழைய சாக்கின் நிறத்துக்கு மாறி, முக்காடு போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன், யாரோ பெரிய இடத்துச் சாவு என்று கடைக்காரர் என்னிடம் துக்கம் விசாரித்தார். இருமல் மருந்தை மட்டும் தானே குடித்துப் பார்த்தார், மாலைச் செய்தியின் நடுவே மேசையில் தலை சாய்த்துவிட்டார், நகரம் முழுவதும் அவர் குறட்டையைக் கேட்டது, “மருந்து நன்றாகத் தூங்க வைக்கிறது, இருமல்தான் நிற்கவில்லை” என்று மறுநாள் ஒலிபரப்பிலேயே சொன்னார். தரைக்குப் போடும் பாலிஷ் வந்தபோது என் மாமியார், அதாவது உன் பாட்டி, அடுப்படி வாசலில் தொடங்கிக் குளியலறை வாசலில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, “விளம்பரத்தத் தாராளமா படிக்கச் சொல்லு. நல்லாத்தான் வழுக்குது” என்றார்.

நிலையத்தின் பழைய முதலாளி ஒரு முறை வீட்டுக்கே வந்து கத்தினார். “உங்களுக்குப் படிக்கத்தானே சம்பளம் தர்றேன், பாத்துச் சொல்லவா தர்றேன்?”

உன் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். “ஜனங்க என் பேச்சை நம்பி வாங்குறாங்க முதலாளி. பொருள் கெட்டா வேற பொருள் தந்துடுவீங்க. பேச்சு கெட்டா வேற பேச்சு வச்சிருக்கீங்களா?”

முதலாளி நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். இதெல்லாம் உங்கள் வரலாற்றில் இல்லை. அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது? நேற்றுக் காலை பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று அவர் குரல். “நான் தினமும் இந்த மெத்தையில்தான் உறங்குகிறேன். வீட்டில் பார்த்தாயிற்று.” பால் பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியாமல் நின்றேன். அவர் எதில் உறங்குகிறார் என்பது எனக்குத் தெரியாதா? கல்லறைத் தோட்டத்தில், நான் தேர்ந்தெடுத்த கல்லுக்குக் கீழே. முதுகுக்கு இதமாக இருக்கிறது என்று இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

அடுப்பைத் துடைப்பதற்குள் கீழ் வீட்டுத் தையற்காரி படியேறி வந்துவிட்டாள். “அக்கா, அண்ணனே சொல்லிட்டாரேன்னு தவணையில மெத்தைக்குச் சொல்லிட்டேன்.”

“அண்ணன் செத்து எவ்வளவு காலமாச்சுன்னு உனக்குத் தெரியாதா? சாவுக்கு வந்து மூக்கச் சிந்தினவதானே நீ?”

“தெரியும்க்கா. ஆனா அவரு குரல்ல சொல்லும்போது எப்படிக்கா நம்பாம இருக்கிறது?”

பார்த்தாயா? செத்த பிறகும் அந்த மனிதருக்கு மிச்சமிருக்கும் சொத்து இது ஒன்றுதான். அதையும் கடையில் கூறுபோட்டு விற்கிறாய்.

நிலையத்துக்குத் தொலைபேசினேன். விற்பனைப் பிரிவுப் பெண் எடுத்தாள். “மேடம், அது அவர் பேசினது இல்ல. பழைய நாடாவுல இருந்து குரலை எடுத்து, கம்ப்யூட்டர்ல நாங்க பேச வச்சது.”

“உயிரோட இருந்தப்ப என்னாலயே அந்த மனுஷனைப் பேச வைக்க முடியல. நீ எப்படிம்மா வச்சே?”

“நல்ல மெத்தைதான் மேடம்.”

“நீ படுத்துப் பாத்தியா?”

“நான் தரையிலதான் படுப்பேன் மேடம். முதுகுவலி. டாக்டர் சொல்லியிருக்கார்.”

பிறகு நீயே பேசினாய். “மாமாவை ஜனங்க மறந்துடக் கூடாதுன்னுதான் அத்தை செஞ்சேன். வேணும்னா உங்களுக்கும் ஒரு மெத்தை அனுப்பிடறேன்.” லஞ்சம் கொடுக்கும்போதாவது குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று உன் அம்மா உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பொய் சொல்லித்தான் ஒருவரை நினைவில் வைக்க முடியும் என்றால் அவரை மறந்துவிடுங்கள். நான் ஒருத்தி நினைத்துக்கொள்கிறேன், போதும்.

ஆகவே, அந்த விளம்பரம் உடனே நிற்க வேண்டும். அது பொய் என்று ஒலிபரப்பில் சொல்ல வேண்டும். தையற்காரியின் மெத்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வரவேற்பறையில் வந்து உட்காருவேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உண்மையான வரலாற்றைச் சொல்லுவேன். சுவரில் இருந்த கம்பளிகளையும் திரும்பக் கேட்பேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். குழந்தைகளுக்கு முத்தங்கள். விற்பனைப் பிரிவுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அத்தை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மெத்தை வந்து இறங்கிவிட்டது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால், பார்க்காமல் நல்லது என்பது எவ்வளவு பொய்யோ, பார்க்காமல் கெட்டது என்பதும் அவ்வளவு பொய் என்று உன் மாமா சொல்வார். ஆகவே கடிதத்தை அனுப்பாமல் வைத்துவிட்டு, அவர் வழக்கப்படி ஒரு வாரம் படுத்துப் பார்த்தேன். எனக்கிருந்த முதுகுவலி போய்விட்டது. நேற்று உங்கள் வரலாற்று நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் விழித்தேன். அதனால் நேற்று என்ன பிழை செய்தீர்கள் என்று தெரியவில்லை. தையற்காரியும் மெத்தையைத் திருப்பித் தர மறுக்கிறாள்.

விளம்பரத்தை நிறுத்த வேண்டாம். ஒரு திருத்தம் மட்டும். அவர் உறங்குகிறார் என்பதை எடுத்துவிடு. “என் மனைவி படுத்துப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள்” என்று இருக்கட்டும். அதுதான் உண்மை. பழைய நாடாக்களில் தேடாதே. ‘என் மனைவி’ என்று அவர் ஒரு நாளும் ஒலிபரப்பில் சொன்னதில்லை. அந்த விற்பனைப் பிரிவுப் பெண்ணிடம் சொல்லிக் கம்ப்யூட்டரில் பேச வை. எத்தனை மணிக்கு வரும் என்பதை முன்கூட்டியே எனக்குத் தெரிவி.