பெரேராவுக்கு ஒரு வீடு

பெயரைக் கேட்டதும் ஆளின் ஊர், நாடு, பாட்டன், பூட்டன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிழையாகச் சொல்ல உலகத்தில் ஒருவரால்தான் முடியும். அவர் மானிப்பாயில் சைக்கிள் கடை வைத்திருந்த பூர்வீகம் அண்ணை. "தம்பியின்ரை பூர்வீகம் எது?" என்று கேட்காமல் டியூப்புக்குக் காற்றடிக்க மாட்டார் என்பதால் வந்த பட்டம் அது.

மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு உதவிய அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது அந்தப் பக்கத்தில் ஒரு பழைய வழக்கம். அப்படிப் பெயர் பெற்ற ஹாரிசன் செல்லையா மாஸ்டர் கறுத்து மெலிந்த வேட்டிக்காரர். அவருக்கு அண்ணை இங்கிலீஷில்தான் பஞ்சர் ஒட்டுவார். "மூக்கைப் பாரும், அசல் அமெரிக்கா!" என்று எங்களிடம் அடித்துச் சொல்வார். மாஸ்டரும் மறுத்து மறுத்துக் களைத்து, கடைசியில் "தாங்க்யூ" சொல்லப் பழகிவிட்டார்.

எண்பத்துமூன்றில் தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்துக்குப் பிறகு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் கொழும்பிலிருந்து மானிப்பாய்க்கு வந்து சேர்ந்தேன். நாங்கள் தமிழ்க் கத்தோலிக்கர், பெயர் பெரேரா. சிங்களப் பெயரென்று நினைத்துத்தான் கொழும்பில் கும்பல் எங்களை உயிரோடு விட்டது. அதே நினைப்பில் மானிப்பாயில் ஒருவரும் வீடு தரவில்லை.

விஷயம் தெரிந்ததும் அண்ணை கடையை அப்படியே போட்டுவிட்டு, எங்களை ஒரு வீட்டுக்கார அக்காவிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"பெரேராவோ? வேண்டாம் அண்ணை, பயமாக் கிடக்கு" என்றார் அக்கா.

"விசர்க் கதை கதையாதை பிள்ளை. உவர் சிங்களமில்லை. அசல் போர்த்துக்கேயர்!"

"ஐயோ, அவங்களெல்லோ எங்கடை கோயிலுகளை இடிச்சவங்கள்!"

அண்ணை அசரவில்லை.

"இடிச்சவன் எப்பவோ செத்துப்போனான். பேரை மட்டும் விட்டிட்டுப் போட்டான். பேரோ உன்ரை அறையிலை படுக்கப் போகுது? உந்தக் குழந்தையெல்லோ படுக்கப் போகுது!"

சொல்லிவைத்தது போல என் மகள் வீறிட்டு அழுதாள். அக்கா உள்ளே போய்ப் பூட்டையும் திறப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் பெட்டியைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்த அண்ணை, வழியில் மெதுவாகக் கேட்டார். "தம்பி, மெய்யா நீர் ஆர்?"

எனக்குத் திகைப்பாக இருந்தது. "அது தெரியாமலா எங்களுக்காக இவ்வளவு பேசினீங்க?"

"ஓம். விசாரிச்சுக்கொண்டு நிண்டால் பொழுதுபட்டிடும். பிறகு பிள்ளை எங்கை படுக்கிறது?"

அந்த வீட்டில்தான் என் மகள் நடக்கப் பழகினாள். இன்றும் என் செபத்தில் அண்ணைக்கு ஓர் இடம் உண்டு. அவருடைய சரியான பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்.