விலாக்கறிப் பொட்டலம்

"பூச்சிகளின் அரசனே, இந்த நூலைக் காப்பாற்று" என்று முதல் பக்கத்தில் அழகாக எழுதியிருந்தது. புழு சரியாக அந்த வரியில்தான் ஓட்டை போட்டிருந்தது.

ரிஃபாத் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; புழு இன்னும் உள்ளேதான் இருந்தது. அறுநூறு வருஷத்து நட்சத்திர நூல். கெய்ரோவில் பழஞ்சுவடி வியாபாரிகள் எத்தனையோ பேர் உண்டு, ஆனால் ரிஃபாத்துக்கு ஈடு ரிஃபாத்தான். தாளை முகர்ந்து பார்த்தே எந்த ஊர்த் தாள் என்று சொல்லிவிடுவார். ஊரே குப்பையென்று ஒதுக்கிய மூட்டையிலிருந்து இந்த நூலைக் கண்டெடுத்ததும் அவர்தான். பக்ரீத் பெருநாளுக்கு மறுநாள் மாலை, ஒரு நூலகத் தலைவர் இதை வாங்க வீட்டுக்கே வருகிறார்.

புழுவுக்குக் கடுங்குளிர்தான் மருந்து. கடுங்குளிர் இருப்பதோ மனைவி சுஹைரின் ஃப்ரீசரில். பழைய தாளைச் சாப்பாட்டோடு வைத்தால் அவள் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அதனால் நூலைக் காற்றுப் புகாத பையில் போட்டு, மேலே கறிக்கடைத் தாளைச் சுற்றி, அடித்தட்டில் செருகிவைத்தார். அந்த மூளையை என்னவென்று சொல்வது.

பெருநாளுக்கு மறுநாள் மதியம் ஃப்ரீசரைத் திறந்தால், காலி.

"சுஹைர், இங்க இருந்த பொட்டலமெல்லாம் எங்க?"

"குர்பானி கறிதானே? காலையிலயே எல்லாருக்கும் கொடுத்து முடிச்சாச்சு."

"அடியில தட்டையா ஒண்ணு இருந்துச்சே."

"விலாக்கறியா? அதை வாசல்காவல் அவாத் வீட்டுக்குக் கொடுத்தேன். பிள்ளைகுட்டிக்காரங்க, பாவம்."

கொடுத்த குர்பானி கறியை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? படி இறங்குவதற்குள் ரிஃபாத் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார்.

"அவாத், அந்தக் கறி கெட்டுப்போச்சுப்பா. கொடுத்துடு, வேற தர்றேன்."

"அடடா. எங்களுக்கு நிறைய சேர்ந்துருச்சுன்னு தையல்கார பஹிய்யா அம்மாவுக்குக் கொடுத்துட்டோமே உஸ்தாத்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனுஷன், தெருவே கேட்கக் குரல் கொடுத்தான். "ரிஃபாத் வீட்டுக் கறியை யாரும் தொடாதீங்க. கெட்டுப்போச்சாம்."

ஜன்னல்கள் திறந்தன. அடுப்புகள் அணைந்தன. அருமையான ஆட்டுக்கறி பூனைகளின் முன்னால் வந்து விழுந்தது.

"என் ஆட்டுக்கு என்ன குறைச்சல்? எவன் சொன்னது?" என்று மேலேயிருந்து சுஹைரின் குரல் வந்தது. ரிஃபாத் நிமிர்ந்தே பார்க்காமல் ஓடினார்.

பஹிய்யா குப்பைத் தொட்டியைக் காட்டினாள். "சத்தம் கேட்டதும் கொட்டிட்டேன் உஸ்தாத்."

சுவடியின் தங்க மையைக்கூட விரல் நுனியால் தொடத் தயங்கும் அந்தக் கை, முழங்கை வரை தொட்டிக்குள் போனது. எலும்பும் வெங்காயத் தோலும்தான் வந்தன.

"நீங்க தேடுறது விலாவா? அது எதிர்வீட்டு நர்ஸ் தஹானிகிட்ட இருக்கு. புதுசா குடிவந்த பொண்ணு, தனியா இருக்கேன்னு கொடுத்தேன்."

தஹானி கதவைத் திறந்தபோது ரிஃபாத்தின் சட்டைக்கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. அவளுக்கு அவர் யாரென்றே தெரியாது. அவரிடமும் இனிச் சொல்லப் பொய் மிச்சமில்லை.

"அம்மா, அது கறி இல்ல, புத்தகம். எவனோ ஒருத்தன் ஆயுசு பூரா வானத்தைப் பார்த்து எழுதினது. போர், வெள்ளம், தீ எல்லாத்துக்கும் தப்பி என் கைக்கு வந்துச்சு. நான் தொலைச்சுட்டேன்." வெங்காயத் தோல் ஒட்டிய சட்டைக்கையாலேயே கண்ணைத் துடைத்தார்.

அவளுக்கும் கண் கலங்கியது. "பயப்படாதீங்க ஐயா, நான் பிரிக்கவே இல்ல. கறி சாப்பிட மாட்டேன். அதான் இந்தத் தெருவுலயே ரொம்பக் கஷ்டப்படுற வீடு எதுன்னு விசாரிச்சேன். எல்லாரும் ஒரே வீட்டைத்தான் சொன்னாங்க. அவங்க கூச்சப்படக் கூடாதுன்னு, இப்பத்தான் கதவுப்பிடியில மாட்டிட்டு ஓடி வந்தேன்."

"யார் வீட்டுக் கதவு?"

"மூணாவது மாடி சுஹைர் அக்கா வீடு. பாவம், அவங்க வீட்டுக்காரர் பழைய பேப்பர் பொறுக்குறாராமே."