டீ கேட்க மைக் பிடித்தவர்

மதுரைக்கு வடக்கே ஒரு டீ சொல்வதற்கு மைக் பிடித்த ஒரே மனிதர் எங்கள் ஹலோ அண்ணன்தான். நம்பாதவர்கள் ஆனையூருக்கு வந்து டீக்கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.

அண்ணன் மைக் செட் வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், திருவிழா எதுவானாலும் உயரமாக ஒரு மரம் பார்த்துக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்பார். பெயர் அப்படி வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் சும்மா கிடந்தது. மைக்கில் அவர் பேச்சு புதிதாக எண்ணெய் விட்ட சைக்கிள் மாதிரி ஓடும். சுவிட்சை அணைத்துவிட்டால் போச்சு. 'டீ' என்கிற ஒற்றை எழுத்துக்கே கண் மூடும், கழுத்து நரம்பு புடைக்கும், இடது கால் தரையைத் தட்டும். அவர் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் வேறு இரண்டு பேருக்கு டீ ஆற்றிக் கொடுத்திருப்பார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அண்ணன் கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஆரம்பிக்கிற வார்த்தையை நான் முடித்து வைப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு, அதுவும் வேண்டுமென்றே தப்பாக. அவர் 'ப... ப...' என்றால், 'பல்லியாண்ணே? பஞ்சாயத்தாண்ணே? பழைய பாக்கியா?' என்று அடுக்குவேன். காற்றடிக்கப் பம்பு கேட்க வந்த மனிதர், வெறும் டயரோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விடுவார்.

இதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். செத்துப்போன மைக் ஒன்றின் வயரை வெட்டிவிட்டு, தலையை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். அதை வாய்க்கு நேரே பிடித்து, "பேரன்பு கொண்ட பெரியோர்களே, தாய்மார்களே, இந்தப் பக்கம் ஒரு டீ, சீனி கம்மி" என்றார். ஒரு தடங்கல் இல்லை. வடை தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். டவுன் பஸ்ஸிலும் அப்படித்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, சிம்மக்கல் ஒன்று" என்றதும் கண்டக்டர் மிரண்டுபோய் விசில் ஊதிவிட்டார். நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நின்றது.

அவருக்கு ஏன் திக்குகிறது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கைக்குழந்தையில் யாரோ ஓயாமல் கிச்சுக்கிச்சு மூட்டியது என்பார் அவர் அம்மா. பேச்சு வருவதற்கு முன்னால் மொட்டை போட்டது என்பார் சலூன்காரர். இடது கைப் பழக்கத்தைப் பிரம்பால் மாற்றியது என்று மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சொன்னார். மாற்றியவர் அவரேதான். வைத்தியமும் குறைவில்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசச் சொன்னார்கள். ஒரு கல் உள்ளே போய்விட்டது. அது மட்டும் மறுநாள் காலையில் திக்காமல் வெளியே வந்தது.

முப்பத்து நாலு வயசாகியும் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாலு இடத்தில் அவருடைய முதல் வார்த்தை முடிவதற்குள் தாம்பாளத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். அந்தச் சமயத்தில் பேரையூர் பக்கம் ஒரு திருவிழாவுக்கு மூன்று நாள் மைக் கட்டப் போனார். காணாமல் போன ஒரு சின்னப்பிள்ளையைக் கூட்டிப்போக, அதன் சித்தி வந்து நின்றாள். இரண்டடி தூரத்தில் நின்றவளிடம், பிள்ளையின் பெயர் என்ன என்று இவர் குழாய் வழியாகத்தான் கேட்டார். ஊருக்கே கேட்டது. அவள் சிரித்திருக்கிறாள். அடுத்த வாரம் அவள் வீட்டிலிருந்து தரகர் வந்துவிட்டார், அந்தக் குரலுக்குப் பெண் கொடுக்க.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. நான் சைக்கிளில் வைத்து மிதித்து, கே.கே. நகரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். பயந்ததாலோ நாக்குத் தடித்ததாலோ வருவதில்லை, காரணம் இதுதான் என்று ஒன்றைச் சொல்ல முடியாது, வம்சத்தில் யாருக்காவது இருக்கலாம் என்றார் டாக்டர். அண்ணனின் சித்தப்பாவுக்கு இருந்ததாம். முதல் எழுத்தை முட்டித் தள்ளாமல் லேசாக இழுத்து ஆரம்பிக்கவும், திக்குவதை மறைக்காமல் இருக்கவும் சொன்னார். கேட்கிறவர்கள் பொறுத்திருந்தாலே பாதி பாரம் இறங்கும் என்றார். கடைசியில், "யார் கூடப் பேசுறப்ப ரொம்பத் திக்குது?" என்று கேட்டார்.

அண்ணன் விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

பெண் பார்க்கப் போகும்போது, அந்தக் கணக்கை நேர் செய்ய நானும் கூடப் போனேன். மாப்பிள்ளை பேசவே வேண்டாம், எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்பது என் திட்டம். ஊர், தொழில், சாப்பாடு எல்லாம் நானே சொன்னேன். கேசரி நல்லாயிருக்கு என்பதைக்கூட நானே சொன்னேன். பெண்ணின் அப்பா காடு கழனி பார்க்கிற சம்சாரி, நல்ல மனுசன்.

"அன்னிக்குக் கணீர்னு பேசுனீகளே மாப்ள, ஒரு வார்த்தை பேசுங்க."

"அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றேன் நான். சட்டைப்பையில் இருக்கும் மைக்கை எடுக்கும்படி முழங்கையால் இடித்தேன்.

எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தாம்பாளத்தில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"எ... எ... எனக்குத் தி... தி..."

"திருப்திதான்னு சொல்ல வாராக" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "அவுக சொல்லட்டும்ணே. நீங்க ஏன் நடுவுல நடுவுல?"

நான் வாயை மூடினேன். அண்ணன் கால் தரையைத் தட்டியது. அப்புறம் மூச்சை விட்டு, மெதுவாக இழுத்து ஆரம்பித்தார்.

"எனக்குத் தி... திக்கும். மைக்ல மட்டும்தான் தி... திக்காது. தெ... தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

இதைச் சொல்லி முடிக்க எம்புட்டு நேரமானது என்று தெரியாது. என் தட்டில் கேசரி ஆறிப்போயிருந்தது. அவள் அப்பா உள்பக்கம் பார்த்தார்.

"மெதுவாவே பேசட்டும்ப்பா. எனக்கு என்ன அவசரம்?" என்றாள்.

அண்ணன் இப்போதும் திக்குகிறார், முன்னைக்குக் கொஞ்சம் குறைவாக. அந்த மைக்கை அவருடைய பிள்ளைகள் வைத்து விளையாடுகின்றன. சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்று, 'பா... பா... பா...' என்று ஆரம்பிப்பார். பாண்டி என்பது என் பெயர். டயரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். என் பெயரை அம்புட்டு நேரம் வாயில் வைத்திருக்கிற மனிதர் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?