ரெண்டு வாசல் கள்ளன்

எழுதுகிற கதை முடிகிற வரைக்கும் அடுப்படிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அமிர்தநாதன் சபதம் எடுத்திருந்தார்.

தேயிலை பக்டரியில் உழைத்து ஓய்ந்து, வட்டகொடைத் தோட்டத்து லயத்தில், தன் ஒற்றை அறைக் காம்பராவில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிற மனுஷன். அந்தப் போனில் யாரோ அணுவுக்குள்ளே நடக்கிற கூத்தைச் சொல்லப்போக, அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொடியிலும் பொடியான ஒரு துணுக்கு ஒரே நேரத்தில் ரெண்டு வாசலிலும் நுழையுமாம். யாராவது உற்றுப் பார்த்தால்தான் நல்ல பிள்ளையாக ஒரு வாசலோடு நிற்குமாம்.

“இது துணுக்கில்ல, கள்ளன்!” என்று துள்ளினார்.

பத்திரிகையில் மர்மக்கதைப் போட்டி. ஜெயித்தால் படத்தோடு போடுவார்கள். தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா வரைக்கும் பெருமையடித்தாகிவிட்டது. அனுப்ப இன்றைக்குத்தான் கடைசி. கதையில் கள்ளன் ரெண்டு வாசலாலும் ஓடிவிட்டான். பிடிக்கத்தான் வழியில்லை.

கொழுந்து பறித்து மழையில் ஊறி வந்த மனைவி அந்தோனியம்மா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டாள்.

“இந்தா புள்ள, ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்க முடியும், தெரியுமா?”

“தெரியாம என்னங்க? கொழுந்து மலையிலயும் நிக்கிறேன், அடுப்படியிலயும் நிக்கிறேன். இதைக் கண்டுபுடிக்க வெள்ளைக்காரன் வேணுமா?”

“அட, கதையைக் கேட்டு ஒரு யோசனை சொல்லு. இன்னிக்கு அனுப்பலேன்னா என் மானம் கப்பலேறிடும்.”

“சொல்லுங்க.” சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அமிர்தநாதன் சொன்னார். ஓடிக் காட்டினார், விழுந்து காட்டினார், கதையில் வரும் இன்ஸ்பெக்டர் தர்ஷனாக உறுமினார். முன்வாசல் காவல்காரனும் பார்த்தேன் என்கிறான், பின்வாசல் காவல்காரனும் பார்த்தேன் என்கிறான். அவள் நடுநடுவே “ம்” கொட்டினாள். கோயில் பூசையில்கூட அவள் இவ்வளவு உருக்கமாகக் கேட்டதில்லை.

“இப்ப சொல்லு. எப்படிப் புடிக்கிறது?”

அவள் கண் திறக்கவில்லை. “அதெல்லாம் தெரியுங்க. தொண்டைதான் காயுது. ஒரு வாய் தேயிலைச் சாயத்தண்ணி குடுத்தா சொல்றேன்.”

சபதம் அடுப்பில் ஏறியது. சாயத்தண்ணி இறங்கியது.

“கள்ளன்?”

“வெறும் வயித்துல புத்தி ஓடுமா? ரெண்டு ரொட்டி தட்டுங்க.”

மாவு பிசைந்தார். தேங்காய் துருவினார். சம்பல் இடித்தார். கண்ணில் கொச்சிக்காய்க் காரம் பட்டு அழுதார்.

“வாசனை தூக்குது. கள்ளன் முக்காவாசி மாட்டிக்கிட்டான். வெளிய பீலிக் குழாயில ரெண்டு வாளி தண்ணி புடிச்சு வச்சுட்டீங்கன்னா…”

பக்கத்துக் காம்பரா வேலாயி தலையை நீட்டினாள். “என்னண்ணே, மழையில தண்ணி தூக்குறீங்க?”

“ஆராய்ச்சி!”

அந்தோனியம்மா சாப்பிட்டாள். விரலை நக்கினாள். காலை நீட்டினாள். அமிர்தநாதன் ஈரம் சொட்டச் சொட்டப் போனைத் திறந்து, விரலைத் தயாராக வைத்தார்.

“இப்பவாச்சும் சொல்லு புள்ள. கள்ளன் எப்படி மாட்டினான்?”

கொட்டாவி ஒன்று நிதானமாக வந்து போனது.

“நீங்க கதைய ஆரம்பிச்சீங்க பாருங்க, அப்பவே கண்ணு சொக்கிருச்சுங்க. ஆமா, அவன் எதைத் திருடினான்?”