சங்குக்குள் ஒரு கணவர்

அந்தத் தீவுக்குப் போகும் படகில் ஏறுவதற்கு முதலில் வலுவான முழங்கை வேண்டும். பக்தி அதற்கப்புறம்தான். படகுத்துறையில் கூட்டம் அப்படி நெரியும். "புண்ணியத் தலத்துக்குப் போறோம், தள்ளாதீங்க!" என்று கத்துகிறவர்தான் எல்லாரையும்விட அதிகமாகத் தள்ளுவார்.

தீவில் பழைய கோயில் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி வழிபட வேண்டிய இடங்களும் நிறைய. நாலா பக்கமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்திருக்க, நடுவே இனிக்கும் கிணறுகள். மிதக்கும் கல் கிடக்கிற தொட்டி. கடவுளின் பாதம் பதிந்த பாறை. பதிந்திருப்பது என்னவோ ஒரு பாதம்தான். இன்னொரு காலை எங்கே ஊன்றினார் என்று கேட்டால், வழிகாட்டிகள் உங்களை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விடுவார்கள்.

ஆனால் கொஞ்ச காலமாக இந்த இடங்களுக்கெல்லாம் மவுசு குறைந்துவிட்டது. கோயிலில் அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஜனங்கள் கரையோரத்துத் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். அங்கேதான் சங்குச் சாமி உட்கார்ந்திருந்தார். அவருடைய சங்குக்குள் செத்தவர்கள் வந்து பேசுவார்களாம். சங்கைக் காதில் வைத்துக் கண்ணை மூடினாரென்றால், உங்கள் அப்பா எந்த நோயில் போனார், மாமியார் யாரைத் திட்டிக்கொண்டே போனார் என்பதுவரை புட்டுப்புட்டு வைப்பார். உயிரோடு இருந்தபோது வீட்டில் ஆயிரம் தடவை கூப்பிட்டும் ஏனென்று கேட்காத மனிதர்கள்கூட, செத்த பிறகு சாமியின் ஒரு கூப்பாட்டுக்கு ஓடோடி வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் கண்ணாடிக்கடை அம்மாவும் ஒருவர். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவர். சுவரில் எழுத்துப் பலகையைத் தொங்கவிட்டு, "மேல் வரி தெரியுதா? கீழ் வரி?" என்று கேட்டுக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவர். கெட்டிக்காரி. கடையில் யாரும் அவரை ஏமாற்றியது கிடையாது.

ஆனால் கணவர் போன நாளிலிருந்து அவரை ஒரு விஷயம் அரித்துக்கொண்டே இருந்தது. அன்று காலை இருவருக்கும் வாய்ச்சண்டை. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காக. இவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். உச்சிப்பொழுது ஆவதற்குள் அந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாரோ? அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த அம்மாவுக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. பாவம்தான். இப்படிப்பட்ட பாவங்களை நம்பித்தானே சங்குகளே ஊதுகின்றன!

துணைக்கு நாத்தனாரும் நாத்தனாரின் கணவரும் வந்திருந்தார்கள். நாத்தனார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் சோதிக்கிறவர். கணவர் சோபாக்கடை விற்பனையாளர், தானும் ஒரு சோபா போலவே இருப்பார். முதல் நாள் அவர் எழுந்திருக்க நேரமானதால், கண்ணாடிக்கடை அம்மா மட்டும் முதல் படகில் கிளம்பிவிட்டார்.

படகில் பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி வந்து உட்கார்ந்தார். மடியில் வெந்நீர் பிளாஸ்க், கையில் பெப்பர்மின்ட்.

"அலை ஜாஸ்தியா இருக்கு. இதை வாயில போட்டுக்கோம்மா, தலை சுத்தாது. யாருக்காக வந்திருக்கே?"

அவ்வளவுதான் கேட்டார். கரை சேர்வதற்குள் கண்ணாடிக்கடை அம்மா ஈரத்துண்டு உட்பட அத்தனையையும் கொட்டித் தீர்த்துவிட்டார். அந்தப் பெண்மணியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரக்க குணம் என்றால் அதுவல்லவா!

கொட்டகையில் இவருடைய முறை வந்ததும் சாமி சங்கைக் காதில் வைத்தார்.

"கண்ணுக்குக் கண்ணாடி கொடுக்கற கை இதும்மா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் போன ஒருத்தர் வந்து நிக்கறார். துண்டு... ஈரத்துண்டுன்னு என்னவோ சொல்றார்."

கண்ணாடிக்கடை அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் மேல கோவமா இருக்காரா சாமி?"

"பேசறார்மா. ஆனா அலைச் சத்தத்துல புரிய மாட்டேங்குது. ஆசையா உனக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்திருக்காரா?"

ஒரு சங்கிலி வாங்கிக் கொடுத்திருந்தார். கூட்டத்துக்குப் பயந்து அதை விடுதிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"நாளைக்குக் கொண்டுவந்து இந்தக் குடத்துல போடு. சாயங்காலம் கடல்ல விட்டுடுவேன். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் குரல் தெளிவாயிடும்."

சாமி சொன்னபடி அத்தனை நகையும் கடலுக்குள் போயிருந்தால், அந்தப் பக்கத்து மீன்களெல்லாம் கழுத்து நிறையச் சங்கிலி போட்டுக்கொண்டுதான் திரிய வேண்டும்.

அன்று இரவு விடுதி அறையில் வாக்குவாதம் நடந்தது. சோபாக்காரர் கட்டிலில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"துண்டு விஷயம் அவருக்கு எப்படித் தெரியும், நீயே சொல்லு," என்றார் கண்ணாடிக்கடை அம்மா. "எனக்கும் உங்க அண்ணனுக்கும் நடுவுல நடந்தது அது."

"படகுல யார்கிட்டயாவது பேசினீங்களா அண்ணி?"

"ஒரு அம்மாகிட்ட பேசினேன். தங்கமான மனசு. அவங்களுக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத்தான் பாக்கணும். ஒரு தடவை வந்த ரிசல்ட்டை வச்சு நாங்க முடிவு பண்றதில்ல அண்ணி. சந்தேகம்னா இன்னொரு டெஸ்ட். நாளைக்கு அவர் எனக்கும் சரியாச் சொல்லிட்டார்னா, உங்க சங்கிலியோட என் வளையலையும் சேத்துக் குடத்துல போடறேன்." நாத்தனார் வளையலைத் தடவிக்கொண்டார். "எனக்கு அவர் அண்ணன் இல்லையா? அவர் பேசறதைக் கேக்க எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

"என்ன டெஸ்ட் பண்ணப்போறே?"

"இவரைச் சாகடிக்கப்போறேன்," என்று நாத்தனார் கட்டிலைக் காட்டினார்.

"வாயை அலம்பு முதல்ல! கட்டின புருஷனைப் போய்... அபசகுனமா!" கண்ணாடிக்கடை அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

சோபாக்காரர் அசையவில்லை. இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். "எதுல சாகறேன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு. யாராவது கேட்டா முழிக்கக் கூடாது பாரு."

மறுநாள் மூவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்களைப் போலப் படகில் ஏறினார்கள். நாத்தனார் தனியாகப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் சூடேறுவதற்குள் பக்கத்தில் பெப்பர்மின்ட் வந்துவிட்டது. பின்வரிசையில் முந்தானையால் முகத்தை மறைத்தபடி கண்ணாடிக்கடை அம்மா காதைத் தீட்டிக்கொண்டார்.

"யாருக்காக வந்திருக்கேம்மா?"

"என் வீட்டுக்காரருக்காக." நாத்தனார் விசும்பிய விசும்பலில் படகே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். "பிஸ்கட் தொண்டையில அடைச்சுப் போயிட்டார்."

"அடப் பாவமே!"

"ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பாட்டு மட்டும் அப்படிப் பாடுவார்!"

அந்த ஈர்க்குச்சி, படகின் மறுகோடியில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் மெத்தையைப் பற்றி மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடை அம்மா தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டு, 'அவ விளையாட்டுக்குச் சொல்றா, நீங்க கணக்குல எடுத்துக்காதீங்க' என்று மன்றாடினார்.

கரை வந்ததும் பெப்பர்மின்ட் அம்மா முதல் ஆளாக இறங்கினார். கோயில் பக்கம் திரும்பவே இல்லை. விறுவிறுவென்று நடந்து, கொட்டகையின் பின்வாசல் வழியாக நுழைந்தார். கண்ணாடிக்கடை அம்மா அதைப் பார்த்தார். 'சாமிக்கு வெந்நீர் கொண்டுபோறாங்க போல' என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் நமக்கு நாமே எவ்வளவு நல்ல வக்கீல்!

கொட்டகை நிரம்பி வழிந்தது. நாத்தனார் போய் உட்கார்ந்ததும் சாமி சங்கை எடுத்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"வந்துட்டார். ஒல்லியான மனுஷர். தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். ஏதோ சாப்பிடறப்போ... மாவுப் பண்டம்... பிஸ்கட்."

கூட்டம் "ஆஹா!" என்றது. கண்ணாடிக்கடை அம்மா திரும்பிப் பின்வாசலைப் பார்த்தார்.

"பேச மாட்டேங்கறார் அம்மா. பாடறார். உன்னை நெனச்சு உருகி உருகிப் பாடறார்!"

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை, பின்னால் நின்ற ஒருவருக்கு.

"என்ன பாட்டு சாமி?"

எல்லாரும் திரும்பினார்கள். சோபாக்காரர் பிஸ்கட் பொட்டலத்தோடு நின்றிருந்தார்.

"இல்ல, பாடறவனே நான்தான். எனக்கே தெரியாம என்ன பாட்டுப் பாடறேன்னு தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்."

"யாருய்யா நீ?"

"இந்தம்மாவோட புருஷன். தொண்டையில அடைச்சுச் செத்துப்போனேனே, அந்த ஆள்."

சாமி லேசுப்பட்டவரா என்ன? கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சங்குல வந்து நிக்கறது இவரோட போன பிறவி."

சிலர் தலையாட்டினார்கள். அதையும் நம்பினார்கள்! ஜனங்களின் தாராள மனசுக்கு ஒரு அளவு உண்டா?

"போன பிறவியும் இல்ல, வர்ற பிறவியும் இல்ல," என்று நாத்தனார் எழுந்தார். "படகுல பெப்பர்மின்ட் கொடுத்தாங்களே, அந்தம்மாகிட்ட நான் சொன்ன பொய் இது. சொன்னது ஒரே ஆள்கிட்ட. இங்க இருக்கறவங்கள்ல அவங்க யாருக்கெல்லாம் பெப்பர்மின்ட் கொடுத்தாங்க?"

சப்புக்கொட்டிக்கொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன. ஒரு கிழவர் சட்டைப்பையிலிருந்து மிட்டாய்க் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். கொட்டகை முழுக்க ஒரு குளிர்ந்த வாசனை. இவ்வளவு நேரமும் அதைத்தான் தெய்வீக மணம் என்று இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தார்கள்.

சாமிக்கு வேர்த்துவிட்டது. கண்கள் கூட்டத்தில் ஆள் தேடின. கைக்குட்டையில் சங்கிலியை முடிந்து வைத்துக்கொண்டு நின்ற கண்ணாடிக்கடை அம்மாவைக் கண்டதும் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வாம்மா! உன் புருஷன் இதோ நிக்கறார். நீ இவங்க பேச்சைக் கேட்டா அவ்வளவுதான். அன்னிக்குக் காலையில பட்ட கோவம் அவருக்கு இன்னும் ஆறல. கொதிக்கறார்! சங்கிலி வந்தாத்தான் ஆறும்!"

கண்ணாடிக்கடை அம்மா சாமியையே பார்த்தார்.

"இன்னுமா கோவமா இருக்கார்?"

"இன்னும்!"

கண்ணாடிக்கடை அம்மா சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவருக்கு மத்தியானத்துக்கு மேல கோவம் நின்னதே இல்லையே ஐயா! காலையில எவ்வளவு சண்டை போட்டாலும், சாப்பாட்டு நேரத்துக்குக் கடைக்கு போன் வந்துடும். 'சாப்பிட்டியா?'ன்னு கேப்பார். வேற ஒண்ணும் பேசத் தெரியாது. அன்னிக்கும் பேசியிருப்பார். அதுக்குள்ள போயிட்டார், அவ்வளவுதான். வருஷக்கணக்கா ஒரே கோவத்தை வச்சுக்கிட்டுக் கொதிக்கறாரா? நீங்க வேற யாரோ வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

சொல்லச் சொல்ல அவருக்கே விளங்கியது. தூக்கமில்லாமல் புரண்ட அத்தனை இரவுகளிலும் தேடிய பதில் அவரிடமேதான் இருந்திருக்கிறது. அதைக் கேட்கக் கடல் தாண்டி வந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு லேசாகவும் இருந்தது. நாத்தனார் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து அழுதார்கள். இந்தத் தடவை நாத்தனார் அழுதது நிஜ அழுகை.

அதற்குள் யாரோ குடத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். "ஐயோ, நேத்துக் கடலுக்குப் போன என் மோதிரம்!" என்று ஒரு பெண் அலறினார். அவ்வளவுதான், கூட்டம் குடத்தின் மேல் விழுந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் சாமி சங்கைக்கூட எடுக்காமல் பின்வாசல் வழியாக ஓடினார். கூடவே பிளாஸ்க்கும் ஓடியது.

எங்கே ஓடுவது? சுற்றிலும் கடல். ஆளைத் தப்பவிடக் கூடாது என்று தேர்ந்தெடுத்த இடம், அவரையும் தப்பவிடவில்லை. படகுத்துறையில் போய் நின்றார். அந்த நேரம் பார்த்துப் புதுப் படகு வந்து சேர்ந்தது. இறங்கிய கூட்டம் தாடியையும் காவியையும் கண்டதும், "சாமியே எதிர்ல வந்து நிக்கறார்!" என்று பொத்தென்று காலில் விழுந்தது. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை, அதற்குள் சாமியின் கை தானாக ஆசீர்வாதம் செய்ய உயர்ந்தது. முன்னால் நின்ற ஓர் இளம்பெண் அழுதுகொண்டே விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அவர் எதுவுமே சொல்லாம போயிட்டார் சாமி. என்னைப் பத்தி என்ன நெனச்சார்னு ஒரே ஒரு வார்த்தை..."

பின்னாலேயே வந்த கண்ணாடிக்கடை அம்மா இடையில் புகுந்தார். அந்தப் பெண்ணின் மோதிரத்தைப் பிடித்து மறுபடியும் அவள் விரலிலேயே தள்ளிவிட்டார்.

"அழாதே. அழுதா யோசிக்க முடியாது. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவரோட குடும்பம் நடத்தினது நீயா, இந்த ஆளா?"